ஊதாக்கல் குழித் தண்ணீர்

பிள்ளைகளே, போன ஞாயிற்றுக்கிழமை அத்தை ஊரிலிருந்து திரும்பும்போது பஸ்ஸில் நீங்கள் இரண்டு பேரும் ஒரு விளையாட்டு விளையாடினீர்கள். அத்தை மகன் சிரிக்கும்போது கையால் வாயை மூடிக்கொள்கிறான் அல்லவா, அதேபோல மாற்றி மாற்றி மூடிக் காட்டிச் சிரித்தீர்கள். "அவன் பல்லே வெளக்க மாட்டானாப்பா?" என்று சின்னவள் கேட்டாள். பெரியவன் கேட்டது வேறு. "நீ மட்டும் ஏம்பா ஒவ்வொரு வாட்டியும் ஆரணிலேருந்து கேன்ல தண்ணி தூக்கிகினு வர்ற? அத்த மூஞ்சி சுருங்கிப் போவுது, பாத்தியா?"

பார்த்தேன். ஒவ்வொரு முறையும் பார்க்கிறேன். கூடப்பிறந்தவள் வீட்டில் தண்ணீரை வேண்டாம் என்று சொல்வது சோற்றை வேண்டாம் என்று சொல்வதைவிடக் கேவலம். அது தெரியாதவன் இல்லை நான்.

உங்கள் இரண்டு கேள்விக்கும் பதில் ஒன்றுதான். பஸ்ஸில் நாலு பேர் நடுவில் சொல்ல வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன். பத்தாவதோடு நின்றவன் எழுத்து, முன்னே பின்னே இருக்கும். பொறுமையாகப் படியுங்கள். படித்த பிறகு அந்த வாய் மூடுகிற விளையாட்டை விளையாட உங்களுக்கே பிடிக்காது.

அத்தை ஊருக்கு வந்தவாசி ரோட்டில் இறங்கி நடந்தால் இடது கைப் பக்கம் ஒரு மொட்டைக் குன்று தெரியும். அதன் முதுகில் வகிடு எடுத்ததுபோல ஒரு பள்ளம் ஓடும். அந்தப் பள்ளம் கடப்பாரை போட்டுத் தோண்டியது. ஆனால் தோண்டுவதற்கு ரொம்ப ரொம்பக் காலம் முன்பே பாறை அந்த இடத்தில் வெடித்திருந்தது. எத்தனை வருடம் முன்பு என்று எனக்குச் சொல்லத் தெரியாது. மனிதனே இல்லாத காலம் என்று மட்டும் கேள்விப்பட்டேன். பூமிக்கு அடியில் கொதித்துக்கொண்டிருந்த தண்ணீர் அந்த வெடிப்பு வழியாக மேலே ஏறியிருக்கிறது. நம் வீட்டு வெந்நீர் அண்டாவின் உள்பக்கத்தில் வெள்ளையாக ஒரு தகடு படிகிறதே, அதேபோல அந்தத் தண்ணீர் ஆற ஆற, தன்னிடம் கரைந்திருந்ததை எல்லாம் பாறைச் சுவரில் ஒட்டிவிட்டிருக்கிறது. முதலில் வெங்கச்சாங்கல், வெள்ளையாக, கெட்டியாக. அதற்கு மேலே ஊதாவும் பச்சையுமாக இன்னொரு கல், கண்ணாடி போல. அந்த இரண்டாவது கல்லுக்குப் பெயர் புளோர்ஸ்பார். ஊர்க்காரர்கள் ஊதாக்கல் என்பார்கள்.

அம்மிக்கும் படிக்கட்டுக்கும் கல் உடைக்க அந்தக் குன்றுக்கு வந்தவர்கள் அந்த வரியைத் தொடவே மாட்டார்களாம். உளி வைத்தால் தாயக்கட்டை மாதிரி பொலபொலவென்று உதிர்ந்துவிடும். வேலைக்கு உதவாத கல். பிறகு எப்போதோ ஒரு ஜீப் வந்து, பாறையில் வெள்ளைப் பெயிண்டில் நம்பர் எழுதி, நீளமாக ஒரு வாய்க்கால் தோண்டிப் பார்த்துவிட்டுத் திரும்பி வராமல் போனது. எதற்கு வந்தது, ஏன் போனது என்று கேட்க அங்கே யாருக்கும் தோன்றவில்லை. அந்த வாய்க்காலில் ஆடு மாடு செத்தால் போட்டார்கள். அவ்வளவுதான் அதன் சரித்திரம், எங்கள் முதலாளி வரும் வரை.

அவர் ஆரணியில் பட்டுப்புடவை மொத்த வியாபாரம் செய்தவர். சொந்தமாகச் சாயப்பட்டறை உண்டு. அவருடைய டெம்போவை ஓட்டிக்கொண்டிருந்தேன் நான். உங்கள் அம்மாவை அப்போது கட்டியிருந்தேன், நீங்கள் பிறக்கவில்லை. குன்றைக் குத்தகைக்கு எடுத்துவிட்டார் என்று பட்டறையில் பேச்சு வந்தது. எதற்கு என்று கேட்டால் "புளோர் கல்லு" என்றார்கள். புளோர் என்றால் தரைதானே, மொசைக் மாதிரி வீட்டுத் தரைக்குப் போடுகிற கல் என்று நாங்கள் எல்லோரும் நினைத்துக்கொண்டோம். முதலாளியும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்திருந்தார் என்பது பிறகு தெரிந்தது.

வெடி வைத்தார்கள். அத்தை ஊர்ப் பெண்கள் கீற்றுக் கொட்டகையில் உட்கார்ந்து கல் பொறுக்கினார்கள். எப்படிப் பொறுக்குவது என்று முதலாளிக்கு யாரும் சொல்லித் தரவில்லை, அவரும் யாரையும் கேட்கவில்லை. அவருக்குத் தெரிந்தது கலர். பட்டறையிலிருந்து கலர் கலராகச் சாயம் ஏற்றிய சாம்பிள் நூல் கட்டுகளை, கழி என்போம், கொண்டுவந்து கொட்டகைக் கம்பத்தில் தொங்கவிட்டார்.

"இந்த நாவப்பழக் கலர் இருந்தா மொதல் ரகம். கத்திரிப்பூ ரெண்டாவது. வெங்காயத் தோலு மூணாவது. வெள்ளையா இருக்கறத தூக்கிக் கடாசு."

"கலரே இல்லாம கண்ணாடியாட்டம் இருக்குதே, அது இன்னா ரகம் முதலாளி?" என்று ஒரு அம்மாள் கேட்டார்.

"அது வெதவ ரகம். கடாசு."

அந்த அம்மாள் தாலி அறுத்தவர். கொட்டகையில் யாரும் சிரிக்கவில்லை. முதலாளி மட்டும் சிரித்தார்.

கலரைப் பார்க்க அவர் ஒரு வழி வைத்திருந்தார். காய்ந்த கல்லில் தூசி படிந்திருக்கும், நிறம் தெரியாது. ஈரமானால் பளிச்சென்று தெரியும். பக்கத்திலேயே குடம் இருக்கும். அவர் குடத்தைத் தேட மாட்டார். கல்லை எடுத்து நாக்கால் ஒரு நக்கு நக்குவார். வெற்றிலை போட்டுச் சிவந்த நாக்கு. நக்கிவிட்டு, "எப்பிடி?" என்று அந்த எச்சில் கல்லைப் பக்கத்தில் இருப்பவர் கையில் கொடுப்பார். பொறுக்குகிற பெண்கள் வாங்கித்தான் ஆக வேண்டும். நானும் வாங்கியிருக்கிறேன். டெம்போ ஸ்டீயரிங்கில் அந்தப் பிசுபிசுப்பு வீடு வரும் வரை இருக்கும்.

முதல் ரகக் கல்லை ஆரணிக்கு ஏற்றி வந்து பட்டறைக்குப் பின்னால் வெட்டவெளியில் கொட்டி வைத்தோம். வாங்க ஆள் தேடி அவர் அலைந்ததில் ஒரு கோடை முழுவதும் போனது. வெயிலில் கிடந்த கல் மெதுவாக வெளுத்தது. எல்லாம் அல்ல. ஆனால் குவியலின் மேல்பக்கம் முழுக்கச் சாம்பல் நிறமாகிவிட்டது. புளோர்ஸ்பாரில் சில வகை அப்படித்தான், வெயில் பட்டால் நிறம் போகும். கல்லுக்கு ஒன்றும் ஆகாது. இதை விவரம் தெரிந்தவர்களிடம் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள்.

முதலாளி குவியலைச் சுற்றிச் சுற்றி வந்தார். பிறகு சாய மாஸ்டரைக் கூப்பிட்டார்.

"சாயம் போவுதுயா கல்லு."

"கல்லுக்கு ஏதுங்க சாயம்?"

"போவுதா இல்லியா, கண்ணால பாரு. ஏத்து."

"கல்லுக்கா?"

"நூலுக்கு ஏத்துற இல்ல? கொப்பரையில போட்டு ஏத்துய்யா."

இப்படித்தான் பிள்ளைகளே, நம் ஊரில் கல்லைக் கொப்பரையில் போட்டுக் காய்ச்சிச் சாயம் ஏற்றினார்கள். உலகத்தில் வேறு எந்த ஊரிலும் இப்படி ஒரு புத்தி யாருக்கும் வந்திருக்காது என்று நினைக்கிறேன். விரிசல்களில் சாயம் நன்றாகவே இறங்கியது. கூடவே தவறி விழுந்த வெங்கச்சாங்கல் ஒன்றும் ஊதாவாகி வெளியே வந்தது. மாஸ்டர் அதை எடுத்துக் காட்டியதும் முதலாளி முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. அந்த வெளிச்சத்தை நான் பார்த்தேன். அதுவரைக்கும் முட்டாள்தனம். அதற்குப் பிறகு நடந்ததற்கு வேறு பெயர். மறுநாளே குன்றிலிருந்து வெங்கச்சாங்கல்லையும் அள்ளிவரச் சொல்லிவிட்டார்.

மெட்ராஸில் வாங்குகிறவர் ஒருவர் கிடைத்தார். இரும்பு உருக்கும் ஆலைகளுக்குச் சரக்கு கொடுப்பவர். சாம்பிள் சாக்கை டெம்போவில் ஏற்றி, முதலாளியை முன்சீட்டில் உட்கார வைத்து ஓட்டிப் போனேன். வாங்குகிறவர் சாக்கைப் பிரித்துப் பார்த்தார். மேசை டிராயரிலிருந்து ஒரு பேனாக்கத்தியை எடுத்து ஒரு கல்லைக் கீறினார். கோடு விழுந்தது. இன்னொன்றைக் கீறினார். விழவில்லை. பஞ்சில் ஸ்பிரிட் நனைத்து இரண்டையும் துடைத்தார். பஞ்சு இரண்டு முறையும் ஊதாவானது.

"கீறல் விழறது நெஜமான கல்லு. விழாதது வெங்கச்சாங்கல். இது ரெண்டுக்கும் யாருங்க பெயிண்ட் அடிச்சது?"

"பெயிண்டு இல்லீங்க, பட்டுச் சாயம். ஒஸ்தி சாயம்."

அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "கலர் யாருங்க கேட்டாங்க? இரும்பு கொதிக்கறப்ப கசடு இளகி ஓடணும், அதுக்கு இந்தக் கல்ல போடறாங்க. உள்ள போனா கரைஞ்சி தண்ணி. அதுல ஊதா ஏது, பச்ச ஏது? கண்ணாடி மாதிரி வெள்ளையா வந்திருக்குமே, அதான் சுத்தமான சரக்கு. எங்க அது?"

முதலாளி என்னைப் பார்த்தார். நான் சாக்கைப் பார்த்தேன்.

"உங்க கல்லு சாயம் போவுது. எடுத்துட்டுப் போயிடுங்க" என்று சொல்லிவிட்டு அவர் கை கழுவ எழுந்து போனார்.

திரும்பும் வழியில் முதலாளி வாயே திறக்கவில்லை. வெட்கப்படுகிறார் என்று நினைத்து நானும் பேசாமல் ஓட்டினேன். ஆற்காடு தாண்டிய பிறகுதான் பேசினார்.

"சாயம் போவுதுன்னு சொல்லிட்டான்டா. என்னப் பாத்து. எங்க தாத்தா காலத்துலேருந்து நம்ம சரக்க எவனும் அந்த வார்த்த சொன்னதில்ல."

அவருக்கு உறைத்தது அது ஒன்றுதான். ஊருக்கு வந்ததும் மாஸ்டரைக் கிழித்துத் தோரணம் கட்டினார். கள்ளக் கல்லைக் கலந்ததற்கு இல்லை. சாயம் பிடிக்காததற்கு.

பட்டில் சாயம் பிடிக்க ஆசிட் விடுவார்கள், அது வழக்கம்தான். இவர் பேட்டரிக் கடையிலிருந்து கேன் கேனாக ஆசிட் வாங்கி வரச் சொன்னார். கொப்பரை கொதித்தது. அன்றைக்கு வந்த ஆவி பட்டறையில் எப்போதும் வருகிற ஆவி இல்லை. மூக்குக்குள் ஊசி ஏற்றியதுபோல இருந்தது. நூல் காயவைத்துக்கொண்டிருந்தவர்கள் கழிகளைப் போட்டுவிட்டு வெளியே ஓடினார்கள். மாஸ்டர் கண்ணைத் திறக்க முடியாமல் குழாயடியில் தலையை விட்டுக்கொண்டு நின்றார். குடித்துவிட்டு வைத்த டீ கிளாஸ்கள் கொப்பரைக்குப் பக்கத்தில் ஜன்னலில் இருந்தன. சாயங்காலம் அவற்றைப் பார்த்தால் பனி படிந்ததுபோல மங்கியிருந்தன. டீக்கடைப் பையன் சாம்பல் போட்டுத் தேய்த்தான், போகவில்லை. நான் நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். அழுக்கு இல்லை அது. கண்ணாடியே அரித்துப்போயிருந்தது.

கண்ணாடியை அரிக்கிற ஒன்று எந்த இடத்தில் இருந்தால் மனிதனுக்கு நல்லது? அந்தக் கேள்வியை முதலாளி என் முன்னாலேயே மாஸ்டரிடம் கேட்டார், வேறு மாதிரி.

"இத்த எங்கய்யா கொட்றது? காவாய்ல வுட்டா முனிசிபாலிட்டிக்காரன் பேஜார் பண்ணுவான்."

பதிலையும் அவரே சொன்னார். "எட்த்த எடத்துலயே கொட்டு."

டிராக்டரில் டிரம் டிரம்மாக ஏற்றிப் போய், அத்தை ஊர்க் குன்றில் தோண்டிய குழியிலேயே கொட்டினார்கள். சாயத் தண்ணீர், ஆசிட், வேகாத கல், வெந்த கல், உடைந்த கிளாஸ் எல்லாம். குன்று வேலையும் அதோடு நின்றது. கொட்டகையைப் பிரித்துக்கொண்டு போய்விட்டார்கள். கம்பத்தில் நூல் கழிகள் மட்டும் ரொம்ப நாள் தொங்கின. டிரம் கொட்டுகிற இடத்தை நான் நேரில் போய்ப் பார்த்தேன். பள்ளத்தின் அடியில் ஊதாவாக ஒரு குட்டை. ஓரத்தில் நுரை. ஒரு நாய் அதில் விழுந்து ஊறிக் கிடந்தது, அதன் வெள்ளை மயிர் நாவப்பழக் கலராக இருந்தது. முதல் ரகம். நான் ரோட்டு ஓரத்தில் உட்கார்ந்து வாந்தி எடுத்தேன். அந்த மாதமே வேலையை விட்டுவிட்டு அரிசி மில்லுக்கு லோடு அடிக்கப் போய்ச் சேர்ந்தேன்.

மழை பெய்தது. குழி நிறைந்தது. சாயம் அடியில் தங்கித் தண்ணீர் தெளிந்தது. பாறை வெடிப்பு ஆழத்துக்குப் போவதால் ஊற்றும் கண் திறந்துகொண்டது. பிறகு மழை பொய்த்த வருடங்கள் வந்தன. அத்தை ஊரில் கிணறெல்லாம் அடி தெரிந்தது, கைப்பம்பில் காற்று வந்தது. குன்றுக் குழி மட்டும் வற்றவில்லை. ஊர்த் தேர்தல் வரப்போகிற நேரம் அது. முதலாளியின் மைத்துனர் அந்தப் பக்கத்துக்காரர், நிற்கப்போகிறார் என்று பேச்சு. குழியில் மோட்டார் வைத்து, பைப் போட்டு, ஊருக்கே குடிதண்ணீர் தானம் செய்கிறார் முதலாளி என்று அத்தை எனக்கு ஆள் விட்டுச் சொல்லி அனுப்பினாள். தன் வீடு குன்றுக்குப் பக்கம், முதல் குழாய் தன் வாசலில்தான், கட்டாயம் வா என்றாள்.

போனேன். சாமியானா போட்டு மைக்செட் கட்டியிருந்தார்கள். அவர் பெயர் வெட்டிய கருங்கல் பலகைக்கு மாலை. தன் ஊதாக்கல்லில் பெயர் வெட்டினால் உதிர்ந்துவிடும் என்று தெரிந்து வெளியூர்க் கல் வாங்கியிருந்தார். பஞ்சாயத்து ஆள் ஒருவரைத் தனியாகக் கூப்பிட்டு, தண்ணீரைச் சோதனைக்கு அனுப்பினார்களா என்று கேட்டேன்.

"சோதன இன்னாத்துக்கு? பாத்தாலே தெரியுதே. கண்ணாடி மாதிரி இருக்குது" என்றார்.

உங்கள் அத்தை மகளிர் குழுவில் இருந்தாள். வந்தவர்களுக்கு முதல் தண்ணீர் கொடுக்கிற வேலை அவளுக்கு. பட்டுப்புடவை கட்டி, இடுப்பில் குழந்தை, கையில் டம்ளர் அடுக்கிய தட்டு. அந்தக் குழந்தைதான் நீங்கள் பஸ்ஸில் செய்து காட்டியவன். அப்போது அவனுக்குப் பால்பல் முளைத்துக்கொண்டிருந்தது. தட்டில் இருந்த டம்ளர்களில் ஒன்று, கல்யாணத்தில் நாங்கள் கொடுத்த சீர் டம்ளர். எங்கள் அப்பா பெயர் வெட்டியது. எல்லோருக்கும் முன்னால் அதைத்தான் எடுத்து எனக்கு நீட்டினாள்.

"குடிடா தம்பி. பன்னீர் மாதிரி இருக்குது."

வாங்கிக்கொண்டேன். குடிக்கவில்லை.

"இன்னாடா, தாகம் இல்லியா?"

"இருக்குதுக்கா. இது வாணாம்." குரலைத் தாழ்த்தித்தான் சொன்னேன். "அந்தக் குழியில சாயமும் ஆசிட்டும் ஊத்துனாங்க. நான் கண்ணால பாத்தேன். கொழந்தைக்குக் குடுக்காதக்கா."

தாழ்த்திச் சொன்னது மைக்செட் நின்ற நேரமாகப் பார்த்து எல்லார் காதிலும் விழுந்தது. முதலாளி நாற்காலியிலிருந்தே திரும்பிப் பார்த்தார்.

"யாரு, நம்ம பழைய டிரைவரா? வாய்யா. சாயத்துக்கு இன்னா இப்ப? ஒன் பொண்டாட்டி கட்டிகினு இருக்கற பொடவையும் நம்ம சாயந்தான். ஒடம்பு வெந்தா பூட்ச்சி?"

கூட்டம் சிரித்தது. "ஆரணில பாட்டில் தண்ணி குடிச்சிப் பழகிட்டாருபோல" என்று யாரோ ஒருவர் சேர்த்துக்கொண்டார். உங்கள் மாமா என் தோளைத் தொட்டு, "வுடு மச்சான், நல்ல நாளும் அதுவுமா" என்றார். அவர் கண் என்னைப் பார்க்கவில்லை.

அத்தை மட்டும் சிரிக்கவில்லை. தட்டைக் கீழே வைத்தாள்.

"கொடத்த இடுப்புல வச்சிகினு பக்கத்து ஊருக்கு நடந்தனே, இந்தப் புள்ளய வவுத்துல சொமந்துகினு நடந்தனே, அப்ப நீ ஒரு நாளு வந்து பாத்தியா? இப்ப வாசல்ல தண்ணி வருது. அத்த வாணாங்கற. சரி, வாணாம். நாளைக்கு சோறாக்க நீ ஆரணிலேருந்து கொண்டாந்து ஊத்துறியா?"

என்னிடம் பதில் இல்லை. இன்றைக்கும் இல்லை. அதனால்தான் கேனைத் தூக்கிக்கொண்டு வரும்போதெல்லாம் அவள் முகத்தை நான் நேராகப் பார்ப்பதில்லை. எனக்கு மட்டும் ஒரு கேன் தூக்க என்னால் முடிகிறது.

அவள் இன்னொரு டம்ளரை எடுத்தாள். என்னைப் பார்த்துக்கொண்டே ஒரு வாய் குடித்தாள். மீதியைக் குழந்தை வாயில் வைத்தாள். அவன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மடக் மடக்கென்று குடித்தான். கூட்டம் கைதட்டியது.

அவனுக்கு நிலைப்பல் முளைத்தபோதே மஞ்சளும் பழுப்புமாகக் கோடு விழுந்துதான் முளைத்தது. அந்தத் தெருவில் அவன் வயதுப் பிள்ளைகள் எல்லோருக்கும் அப்படித்தான். அந்தக் கல்லில் இருப்பது தண்ணீரில் இறங்கினால், பல் வளர்கிற வயதில் அப்படி ஆகும் என்று டாக்டர் சொன்னார். விளக்கினால் போகாது. கண்ணாடி டம்ளர் மங்கியதுபோலத்தான். இப்போது அங்கே வேறு தண்ணீர் வருகிறது. பழைய பைப்பை வெட்டிவிட்டார்களா, இரண்டையும் கலந்து விடுகிறார்களா என்று கேட்டால், ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். கல்வெட்டு அப்படியே இருக்கிறது. யாரோ பொங்கலுக்குப் பொங்கல் அதைக் கழுவிப் பொட்டு வைக்கிறார்கள்.

அன்றைக்கு நான் சாமியானாவை விட்டு வெளியே வந்தேன். முதலாளியின் கார் புளியமரத்தடியில் நின்றது. அவரும் பின்னாலேயே வந்தார். டிரைவர் ஒரு மினரல் வாட்டர் பாட்டிலின் மூடியைத் திருகி நீட்டினான். அவர் முதல் வாய் எடுத்துக் கொப்பளித்து, குன்றுப் பக்கம் துப்பினார். வெற்றிலைச் சிவப்பு. பிறகு மீதியை அண்ணாந்து குடித்தார், தொண்டை ஏறி இறங்க. நான் நிற்பதைப் பார்த்தார். பார்த்தும் காரில் ஏறிக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போனார்.

கார் போன பிறகுதான் கவனித்தேன், சீர் டம்ளர் இன்னும் என் கையிலேயே இருந்தது, தண்ணீரோடு. வழியில் பாதி சிந்தியிருந்தது. கையைப் பார்த்தேன், ஒன்றும் இல்லை, வெறும் ஈரம். தெளிந்த தண்ணீர்தான்.

கூட்டம் சாப்பாட்டுக்குப் போய்விட்டது. நான் சுற்றிக்கொண்டு அத்தை வீட்டுப் பின்பக்கம் போனேன். டம்ளரில் இருந்ததைக் கள்ளிச்செடி ஓரம் ஊற்றினேன். கழுவலாம் என்று தண்ணீர் தேடினேன். தொட்டியில் இருந்ததும் அதே தண்ணீர்தான். குத்துக்கால் வைத்து உட்கார்ந்து, ஒரு கை மண்ணை அள்ளிப் போட்டு, அப்பா பெயர் வெட்டிய இடம் பளபளக்கிற வரைக்கும் டம்ளரை உள்ளும் புறமும் தேய்த்தேன். பிறகு வேட்டி முனையால் துடைத்து, மதில்மேல் கவிழ்த்து வைத்துவிட்டு பஸ்ஸுக்கு நடந்தேன்.